லிந்தால்வா மாம்பழத்தில் பால் சேர்த்த நாள்

மாம்பழம் உதிரும் மாதங்களில் லிந்தால்வா வீட்டுப் பால்பவுடர் டப்பா எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். நவம்பர் பிறந்து, அவள் கொல்லை மரத்தின் முதல் பழம் தகரக் கூரையில் தொம்மென்று விழுந்ததும் டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவாள்.

"நெய்தே, இத உன் வீட்டுல வச்சுக்கோ. பழம் ஓஞ்சதும் வாங்கிக்கிறேன்."

எங்கள் குவாமாப் பேட்டையில் மாம்பழத்தோடு யாரும் பால் சேர்ப்பதில்லை. நானும் சேர்த்ததில்லை. பழம் தின்ற அன்றைக்குப் பால் கிடையாது, பால் குடித்த அன்றைக்குப் பழம் கிடையாது. சேர்த்தால் உயிர் போய்விடும் என்று பெலேம் நகரத்தில் பாதிப் பேராவது சொல்வார்கள். மீதிப் பேர் சிரிப்பார்கள், ஆனால் அவர்களும் சேர்த்துக் குடிக்க மாட்டார்கள். ஆனாலும் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கவே பயந்தவள் லிந்தால்வா ஒருத்திதான்.

தெருமுனையில் அசாயிப் பழக்கூழ் விற்கும் ஓர்லாந்தோ அவளைச் சீண்டாமல் விடமாட்டான். "அக்கா, காலையில பால் காபி குடிச்சிட்டேன். உங்க மரத்தடியில நடந்து போகலாமா, இல்ல சுத்திப் போகணுமா?"

"தாராளமாப் போ. வாய மட்டும் மூடிக்கிட்டுப் போ. அது உனக்குத்தான் கஷ்டம்" என்பாள் லிந்தால்வா. அவள் முகம் சிரிக்கும். கண் சிரிக்காது. அதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

கலியாணம் செய்துகொள்ளாதவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். பழத்தையும் பாலையும் மிக்ஸியில் அடித்துக் குடிப்பதை நாங்கள் வித்தமினா என்போம். அதை அவளைப் போல் செய்ய இந்தத் தெருவில் ஆளில்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று, பல் இல்லாதவருக்கு ஒன்று, வயிறு இறுகிக் கிடப்பவருக்கு ஒன்று என்று கை தானாகப் போகும். ஓட்ஸை முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போடுவாள். ஆரஞ்சின் மேல்தோலை மட்டும் சீவிவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைத் தோலோடு போடுவாள். "அதுலதான் நார் இருக்கு. அதத் தூக்கிப் போட்டுட்டுத்தான் மருந்துக் கடைக்கு ஓடுறீங்க" என்பாள். பப்பாளி, கனிந்த வாழைப்பழம், உலர்ந்த பிளம். ஆளிவிதையை மட்டும் கடைசியில் போட்டு ஒரு சுற்று. சர்க்கரை கிடையாது. யாராவது வடிகட்டியைக் கையில் எடுத்தால் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வாள்.

எத்தனையோ பழங்கள் அந்த ஜாரில் சுற்றியிருக்கின்றன. மாம்பழம் மட்டும் சுற்றியதில்லை. மரம் உதிர்க்கும் பழங்களைக் கூடை கூடையாக அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். தான் ஒன்றும் தின்னமாட்டாள்.

அக்டோபரில் எங்கள் நசரேத் மாதா பவனி வரும்போது, மாதாவின் தேரை இழுக்கும் கயிற்றை வெறுங்காலோடு பிடித்துக்கொண்டு ஊர் முழுக்க நடப்பவர்கள் உண்டு. கூட்டம் நசுக்கும், பாதம் கிழியும். லிந்தால்வா ஒரு வருஷமும் தவறியதில்லை. ஏதோ கேட்ட வரம் கிடைத்து நேர்ச்சை செலுத்துகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வருஷம் பவனி முடிந்து அவள் காலைக் கழுவிக் கட்டுப்போடும்போது கேட்டேன். "மாதாகிட்ட அப்படி என்னதான் வாங்கின?"

"வாங்கல நெய்தே. குடுக்குறேன்."

அன்றைக்குத்தான் சொன்னாள்.

அவர்கள் மராஜோ தீவில் பிறந்தவர்கள். அப்பா ஒரு பண்ணையில் எருமை மேய்த்தார். பால் முழுக்கப் பாலாடைக்கட்டிக்குப் போகும், பண்ணைக்காரருடையது. வேலைக்காரர் பிள்ளைகள் தொட்டால் பெல்ட்டடிதான். லிந்தால்வாவுக்கு அப்போது ஒன்பது வயது. அடுத்தவன் வால்தெமிர், கடைக்குட்டி சிரிலோ. ஒரு நாள் அம்மா ஆற்றில் துணி துவைக்கப் போயிருந்தார். சிரிலோ மரத்தடியில் உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டே விடாமல் அழுதான். என்ன சொன்னாலும் அடங்கவில்லை. லிந்தால்வா பால் கேனிலிருந்து ஒரு சுரைக்குடுக்கை நிறைய மொண்டு அவன் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவுக்குத் துணி பிழிய ஓடிவிட்டாள். அன்று இரவே பிள்ளை இறந்துபோனான்.

"யாரு பால் குடுத்ததுன்னு அம்மா கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன். அதுக்கப்புறம் அம்மா என் கையால சாப்பாடு வாங்குனதில்ல, நெய்தே. சாகுற வரைக்கும். படுக்கையில கெடக்கும்போதுகூட நான் கஞ்சிய ஸ்டூல் மேல வச்சிட்டுத் தள்ளி நிக்கணும். அப்புறந்தான் எடுப்பாங்க."

பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாளாம். அது பாவமே இல்லை என்றார்களாம் எல்லாச் சாமியார்களும். அவள் தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த வருஷமும் கயிற்றைப் பிடித்தாள்.

நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? எனக்கே அந்தப் பயம் இருந்தது. கட்டுப்போட்டு முடித்து அவள் பாதத்தை என் மடியிலேயே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாம்பழக் காலத்தில் வால்தெமிருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆற்றுப் படகில் எஞ்சின் ஓட்டியவர், மனைவியை இழந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குத்தான் வந்தார். நெஞ்சைப் பிளந்து கம்பி போட்டுத் தைத்திருந்தார்கள். கனம் தூக்கக் கூடாது, இருமினால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, மலம் கழிக்க முக்கக் கூடாது. அவர் வயிறோ வலி மாத்திரையில் கல்லாக இறுகிக் கிடந்தது.

லிந்தால்வா விடியற்காலையிலேயே மிக்ஸியைப் போட்டுவிடுவாள். பப்பாளி, பிளம், ஓட்ஸ். பால் டப்பா என் வீட்டில் இருந்ததால் ஆரஞ்சுச் சாறு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான், பேச்செல்லாம் காதில் விழும்.

"இன்னைக்கும் பப்பாளியா? நான் என்ன கூண்டுக் கிளியா அக்கா?"

"கிளி நன்றியோட திங்கும். குடி."

முதலில் குடித்தார். பிறகு பாதி. பிறகு கிளாஸை வாங்கி, அவள் திரும்பும் வரை காத்திருந்து ஜன்னல் வழியாக ஊற்றினார். கடைசியில் வாங்கவே மறுத்துவிட்டார். சோறும் இறங்கவில்லை. முகம் மஞ்சளாகிக் கன்னம் ஒட்டிப்போயிற்று.

சுகாதார நிலையத்திலிருந்து ஜாமிலி என்ற பெண் பார்க்க வந்தாள். வயிற்றை அழுத்திப் பார்த்தாள். "இப்படியே விட்டா மறுபடி ஆஸ்பத்திரிதான். இந்த நெஞ்ச வச்சிக்கிட்டு இவர் முக்கினார்னா..." என்று நிறுத்தினாள். "நார்ச்சத்து போகணும். கொஞ்சம் சத்தும் போகணும். உங்களுக்கு என்னதான் இறங்கும், சொல்லுங்க பெரியவரே."

வால்தெமிர் அக்காவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார். "மாம்பழ வித்தமினா. பால் போட்டு."

கையிலிருந்த தட்டை லிந்தால்வா மெதுவாகக் கீழே வைத்தாள்.

ஜாமிலி கையைத் தட்டினாள். "பிரமாதம்! உங்க மரத்துப் பழத்துல எவ்வளவு நார் இருக்கு தெரியுமா? ஓட்ஸும் ஆளிவிதையும் போட்டு அடிங்க. பாலும் நல்லதுதான், தெம்பு வரும்."

"மாம்பழத்தோட பாலா, பாப்பா?"

"ஐயோ, நீங்களுமா? அது அந்தக் காலத்துல பண்ணைக்காரங்க கட்டிவிட்ட கதைம்மா. அடிமைங்க பால்ல கை வச்சிடக் கூடாதுன்னு சொல்லி வச்சது. எங்க வீட்டுல தினமும் குடிக்கிறோம். நான் செத்தா போயிட்டேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நல்ல பெண். எதன் மேல் கால் வைத்தோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? லிந்தால்வா வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு, கொல்லைக்குப் போய் மரத்தடியில் நின்றாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்துகொண்டே நின்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே போராட்டம்.

"மாம்பழத்துல தண்ணி ஊத்தித் தரேன்."

"வேணாம்."

"ஆரஞ்சுச் சாறு ஊத்தித் தரேன். எனக்காகடா."

"பால் ஊத்து. இல்லேன்னா ஒண்ணும் வேணாம்."

"என் கையாலயா கேக்குற? எல்லாம் தெரிஞ்சும் என் கையாலயா கேக்குற? அதுக்குப் பதிலா வெஷத்தக் குடுன்னு கேளேன்!"

"உன் கையாலதான் வேணும்."

எனக்கே வால்தெமிர் மேல் கோபம் வந்தது. அவள் வெளியே போன சமயம் பார்த்து அவரிடம் போனேன். "இது என்ன பிடிவாதம் அண்ணா? நோய் வந்தவர் சின்னப் பிள்ளை மாதிரிதான் ஆவார், ஆனா இது கொடுமை. அவ மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

எப்போதும் ஒரு கேலி வைத்திருக்கும் மனிதர். அன்று கண்ணை மூடிக்கொண்டார். "தெரியும் நெய்தே. தெரிஞ்சுதான் கேக்குறேன்" என்றார். நான் வீட்டுக்கு வந்து மாதா படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். என்ன கேட்டு ஜெபிப்பது என்றே தெரியவில்லை. அவர் வயிறு திறக்கவா, அவள் மனசு திறக்கவா? 'உமக்குத் தெரியும் தாயே' என்று மட்டும் சொன்னேன்.

இரண்டொரு நாளில் அவர் எழுந்து உட்காரவும் முடியாமல் போனார். மறுநாள் காலை லிந்தால்வா என் வாசலில் வந்து நின்றாள். கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள்.

"டப்பாவக் குடு."

எடுத்துக் கொடுத்தேன்.

"ஜெபமாலைய எடுத்துக்கிட்டு நீயும் வா."

மேசையில் ஒரே ஒரு மாம்பழம் இருந்தது. கொல்லை மரத்து நார்ப்பழம்தான். தோலை உரித்துக் கத்தியால் சதையைச் சீவினாள். கொட்டையைச் சுற்றியிருந்த நாரையும் வழித்து ஜாரில் போட்டாள். ஊறின ஓட்ஸ், ஆளிவிதை. பிறகு பால்பவுடரைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்தாள். கரைத்து முடித்த பிறகும் ஸ்பூன் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெபமாலையில் நான் மூன்றாவது தேவரகசியத்துக்கு வந்துவிட்டேன்.

"ஊத்து லிந்தால்வா. நான் இருக்கேன்" என்றேன்.

ஊற்றினாள். மூடியைக் கையால் அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு மிக்ஸியைப் போட்டாள்.

கிளாஸோடு அறைக்குப் போனோம். தம்பியிடம் நீட்டாமல் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். "நான் முதல்ல குடிக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா உனக்குத் தரேன்."

"வேணாம் அக்கா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. "நீ குடிச்சுப் பிரயோஜனமில்ல. நான் குடிக்கணும். நீ பாத்துக்கிட்டு இருக்கணும். அதுக்குத்தான் கேட்டேன்."

நான் தலையணையை முட்டுக்கொடுத்து அவரை நிமிர்த்தினேன். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக் குடித்தார். நின்று மூச்சு வாங்கினார். மறுபடி குடித்தார். லிந்தால்வா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி ஆனதும் கிளாஸை மடியில் வைத்துக்கொண்டார்.

"இது ரெண்டாவது தடவை."

"என்னது?"

"மாம்பழத்தோட பால் குடிக்கிறது. மொதத் தடவை அன்னைக்கு. மராஜோல."

லிந்தால்வா கட்டில் கம்பியை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நீ குடுக்கையக் குடுத்துட்டு ஓடிட்ட. சிரிலோ ரெண்டு மடக்குக்கு மேல குடிக்கல. மீதிய நான் குடிச்சேன். அடியில இருந்தத நக்கிக்கூட குடிச்சேன். அவன் தின்னது ஒரு பழம், நான் நாலு தின்னிருப்பேன்."

"பொய்."

"இதனாலதான் சும்மா சொல்லல. சும்மா சொன்னா எனக்கு ஆறுதலுக்காகச் சொல்றான்னுதான் நெனப்ப."

"பொய் சொல்லாத வால்தெமிர்!"

"அவனுக்குக் காலையிலேயே உடம்பு கொதிச்சது அக்கா. நாங்க ரெண்டு பேரும் ஒரே தூளியில படுப்போம்ல? அவன் உடம்பு சுட்டு நான் கீழ எறங்கிப் படுத்தேன். அதான் அப்படி அழுதான். காய்ச்சல்ல அழுதான். பால்ல கை வச்சது யாருன்னு அப்பா பெல்ட்டத் தேடினாரு. நான் வாயத் தொறக்கல. அப்புறம் அவன் போயிட்டான். அடுத்தது நான்தான்னு நெனச்சேன். ராத்திரி முழுக்க சாவுக்குக் காத்துக்கிட்டுக் கெடந்தேன். விடிஞ்சிது. ஒண்ணும் ஆகல."

வெளியே கூரையில் ஒரு பழம் விழுந்து உருண்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா என்னக் கேட்டப்போ நீ எங்க இருந்த?"

"உன் பக்கத்துல."

"அம்மா என் கையால கஞ்சி வாங்காதப்போ?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. "மொதல்ல பயம். அப்புறம் வெக்கம். ஒவ்வொரு வருஷமும் நீ கயித்தப் புடிச்சி நடந்து வர்றப்போ சொல்லிடணும்னு வருவேன். உன் காலப் பாத்ததும் திரும்பிப் போயிடுவேன். இப்ப நெஞ்சத் தொறந்து மூடிட்டாங்க. சொல்லாம போயிடுவேனோன்னு பயமாயிருச்சி."

லிந்தால்வா அவர் மடியிலிருந்த கிளாஸை எடுத்தாள். சுவரில் வீசி எறியப்போகிறாள் என்றே நினைத்தேன். எறிந்திருந்தாலும் நான் அவளைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். அவள் மீதிப் பாதியையும் நின்றபடியே குடித்தாள். நிதானமாக, நாரைப் பல்லால் மென்று மென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போகவேண்டும் என்று கால் துடித்தது. போகவில்லை. சில நேரம் ஆண்டவர் ஒருவரோடு தனியாக இருக்க விரும்புவார்.

இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் வால்தெமிரின் வயிறும் முக்காமலே இளகியது. ஜாமிலி வந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனாள்.

ஆனால் லிந்தால்வா தம்பியோடு பேசவில்லை. விடியற்காலையில் மிக்ஸி ஓடும். மாம்பழம், ஓட்ஸ், ஆளிவிதை, பால். கிளாஸை அவர் கையிலேயே கொடுப்பாள். புண்ணைத் துடைப்பாள், துணி மாற்றுவாள், பிடித்து நடக்க வைப்பாள். வாயிலிருந்து ஒரு சொல் வராது. அவரும் கேலியையெல்லாம் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்கப் போனபோது அவள் இடத்தை விட்டு எழவில்லை. அவளைப் பார்த்து நானும் உட்கார்ந்துவிட்டேன்.

"அவன மன்னிக்காம எப்படிப் போறது?" என்றாள் வரும் வழியில். "மன்னிச்சிட்டேன்னு வாயால சொல்லலாம். ஆண்டவர்கிட்ட எப்படிப் பொய் சொல்றது?"

"அவசரம் இல்ல லிந்தால்வா. அவர் காத்திருப்பார்" என்றேன்.

பிறகு சிறிது தூரம் நடந்துவிட்டு, "அந்தப் புள்ளையப் பத்தி எங்க வீட்டுல யாருமே பேசினதில்ல. எனக்காகத்தான் பேசல. அவன் மொகங்கூட மறந்துபோச்சு எனக்கு" என்றாள்.

மாம்பழக் காலம் முடியும் நேரம். மரத்தில் அங்கொன்று இங்கொன்றுதான் தொங்கியது. ஒரு நாள் காலையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது. கிளாஸ் வைக்கும் சத்தம். நாற்காலியை இழுத்துப் போட்டு யாரோ உட்காரும் சத்தம். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று!

"வால்தெமிர்."

"சொல்லு அக்கா."

"நான் போனப்புறம் அவன் என்ன பண்ணினான்?"

குழாயை மூடிவிட்டு நின்றேன்.

"குடுக்கைக்குள்ள மொகத்த விட்டான். எருமைக் கன்னு மாதிரி. வெளிய எடுத்தா மீசை. வெள்ளை மீசை. நான் சிரிச்சேன். உடனே அழுகைய நிறுத்திட்டான். நான் சிரிக்கணும்னு மறுபடி உள்ள விட்டான்."

"அழுகைய நிறுத்திட்டானா?"

"நிறுத்திட்டான். அப்புறம் அழவே இல்ல அன்னைக்கு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல், சின்னப் பெண்ணின் குரல் மாதிரி.

"மூக்குல ஒட்டியிருந்துச்சா?"

"மூக்குல, புருவத்துல, காதுலகூட. குடி அக்கா, நீயும் ஒரு வாய் குடி. சொல்றேன்."